சட்டசபை ஓட்டெடுப்பு: ஆஸ்பத்திரி, பஸ், கடல், மண்- எந்த ஓட்டுக்கு எவ்வளவு பலம்?

ராமநாதபுரம்,

'ஏற்போர் ஆம் என்க... மறுப்போர் இல்லை என்க...'

சட்டசபையில் சபாநாயகர் இப்படிக் கேட்டதும் ஒரு சத்தம் எழும். அடுத்த நொடியே தீர்மானம் நிறைவேறியதாக அறிவிப்பு வரும். அந்த ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவுக்கு அனுமதி கிடைத்து விடுகிறது.

பட்ஜெட் தாக்கல் ஆன பிறகு துறை வாரியாக மானியக் கோரிக்கை வரும். சுகாதாரத்துக்கு ஒரு நாள், போக்குவரத்துக்கு ஒரு நாள், சுற்றுச்சூழலுக்கு ஒரு நாள் என்று விவாதம் நடக்கும். கடைசியில் ஓட்டெடுப்பு. இடையில் மீனவர் பிரச்சினை, கச்சத்தீவு என்று தனித் தீர்மானமும் வரும்.

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்ற அதே சத்தம்தான். ஆனால் எல்லா 'ஆம்'-க்கும் ஒரே பலம் கிடையாது. இது தெரியாமல்தான் நாம ஏமாந்து போறோம்.

ஆஸ்பத்திரி

மானியக் கோரிக்கையை சபை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். அரசியல் சட்டம் 203-வது பிரிவு தரும் அதிகாரம் இது. சுகாதாரத் துறைக்கான பணத்தில் பெரும்பகுதி இந்த ஓட்டில்தான் இருக்கிறது. டாக்டர் சம்பளம், மருந்து, கட்டிடம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்ன குறை என்று சபையில் பேச அதுதான் வாய்ப்பு. அமைச்சர் பதில் சொல்லும்போது புது அறிவிப்புகள் வரும். மேஜை தட்டும் சத்தம் கேட்கும். ஆனால் அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. அரசாணை வந்து, நிதி ஒதுக்கி, ஆள் போட்டால்தான் வார்டில் விளக்கு எரியும்.

மசோதா கதை வேறு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா 2020 செப்டம்பரில் நிறைவேறியது. கவர்னர் ஒப்புதல் தாமதம் ஆனது. அக்டோபர் கடைசியில் அரசாணை போட்டார்கள், ஒப்புதலும் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு டாக்டர் சீட் கிடைத்தது.

நீட் விலக்கு மசோதாவும் 2021 செப்டம்பர் 13-ந்தேதி நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-ந்தேதி மறுபடியும் நிறைவேற்றினார்கள். டெல்லிக்குப் போன மசோதா நிராகரிக்கப்பட்டு விட்டதாக 2025 ஏப்ரல் 4-ந்தேதி அதே சபையில் அறிவிக்கப்பட்டது. இரண்டு தடவை 'ஆம்' சொல்லியும் பலன் இல்லை. மத்திய சட்டத்தோடு மோதுகிற விஷயத்தில் கடைசி வார்த்தை சென்னையில் இல்லை.

பஸ்

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அதற்காக போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆண்டுக்கு ரூ.1,200 கோடி தருவதாக அப்போது அரசு சொன்னது. இந்த மாதிரி பணத்துக்கு சபையின் ஓட்டு வேண்டும்.

பஸ் கட்டணத்துக்கு? வேண்டாம். அரசு உத்தரவு போதும்.

2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். எம்.எல்.ஏ.க்கள் சம்பளத்தை ரூ.55 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சத்து 5 ஆயிரமாக உயர்த்தும் மசோதா அந்த மாதம்தான் நிறைவேறியது. அதே மாதம் 20-ந்தேதி காலையில் பஸ் ஏறினால் டிக்கெட் விலை எகிறிக் கிடந்தது. ஜனங்க ரோட்டுக்கு வந்து மறியல் பண்ணிய பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். அவங்க சம்பளத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. நம்ம டிக்கெட்டுக்கு நடக்கவில்லை.

கடல்

நம் மாவட்டத்துக்கு இதுதான் உயிர்ப் பிரச்சினை. கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 2-ந்தேதி சட்டசபையில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். 1974-ல் தீவு கை மாறியபோதும் சபை தீர்மானம் போட்டது. இவை மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானங்கள். வெளிநாட்டு ஒப்பந்தமும் நாட்டு எல்லையும் டெல்லியின் அதிகாரம்.

இதில் கசப்பான உண்மை ஒன்று உண்டு. நம்ம விசைப்படகை அதிகம் பாதித்த ஓட்டெடுப்பு சென்னையிலும் நடக்கவில்லை, டெல்லியிலும் நடக்கவில்லை. கொழும்பில் நடந்தது. இலங்கை நாடாளுமன்றம் 2017-ல் இழுவை மடி மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. படகு போனால் திரும்புவது கஷ்டம் என்ற நிலை அதோடு இறுகியது. கடல் விஷயத்தில் எம்.எல்.ஏ.வை மட்டும் பிடித்து உலுக்கிப் பயன் இல்லை. எம்.பி.யைக் கேட்க வேண்டும்.

மண்

மதுரை அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 டிசம்பர் 9-ந்தேதி சபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூரில் இருந்து மதுரை வரை ஜனங்க பேரணி போனார்கள். ஜனவரி 23-ந்தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்துக்குப் பின்னால் ஊரே நின்றதால் அதற்கு பலம் வந்தது.

சட்டம் என்றால் இன்னும் பலம். 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புது ஹைட்ரோகார்பன் திட்டங்களைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ராமநாதபுரம் இல்லை. 2025-ல் நம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறு தோண்ட சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த விவரம் வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. உத்தரவு இன்றைக்கு வரும், நாளைக்கு மாறும். சட்டம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

யார் எப்படி ஓட்டு போட்டார்?

குரல் ஓட்டு என்றால் எந்த எம்.எல்.ஏ. என்ன சொன்னார் என்று பதிவு இருக்காது. எண்ணிக் கணக்கு எடுப்பது அபூர்வம். 2017 பிப்ரவரி 18-ந்தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பில் உறுப்பினர்களை எழுந்து நிற்க வைத்து எண்ணினார்கள். 122-க்கு 11 என்று கணக்கு வந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அதனால் கட்சி சொன்னபடிதான் கை தூக்குவார்கள்.

அப்போ எம்.எல்.ஏ.வால் என்ன பயன்? பேசலாம். கேள்வி கேட்கலாம். அது அவைக் குறிப்பில் ஏறும்.

பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர்- நம் மாவட்டத்துக்கு நாலு எம்.எல்.ஏ.க்கள். அடுத்த மானியக் கோரிக்கை முடிந்து ஊருக்கு வரும்போது மாலை போடுங்கள், தப்பில்லை. கூடவே நாலு கேள்வியும் கேளுங்கள்.

நம்ம ஆஸ்பத்திரி பத்தி சபையில என்ன பேசினீங்க? அறிவிச்சதுக்கு அரசாணை வந்துடுச்சா? டிக்கெட் விலை ஏறினா சபையில எழுந்து கேட்பீங்களா? வேளாண் மண்டலப் பட்டியல்ல நம்ம மாவட்டம் எப்போ வரும்?

பதில் சொல்பவர் யார், காரில் ஏறிப் போகிறவர் யார் என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் 'ஆம்', 'இல்லை' சொல்ல வேண்டியது நாம்தானே!