பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய வீல் போடலாமா? 14, 15, 17 இன்ச்... கணக்கு என்ன சொல்கிறது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் டொராண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் அவர் ஆசை ஆசையாக வாங்கிய 1992 மாடல் மாஸ்டா மியாட்டா. சிவப்பு நிறம், இரண்டே சீட், மடக்கும் கூரை. இரண்டாவது படத்தில் பளபளவென்று நான்கு 17 இன்ச் அலாய் வீல்கள். கீழே ஒரே ஒரு வரி: "தம்பி, எப்படி இருக்கு? சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கணும்."

பார்க்க கெத்தாகத்தான் இருந்தது. ஆனாலும் "வேண்டாம் அண்ணா" என்றுதான் பதில் போட்டேன். "ஏன்டா, காரணம் சொல்லு" என்றார். அன்று போனில் சொன்னதன் விரிவான வடிவம்தான் இது.

எம்எக்ஸ்-5 என்ற பெயரிலும் அறியப்படும் இந்த கார் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் வீல் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனை இதனுடையது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. இதை வாங்குபவர்களில் பலர் முதலில் கை வைப்பதும் வீலில்தான்.

கம்பெனி கொடுத்தது என்ன?

1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதல் தலைமுறை மியாட்டா அறிமுகமானது. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத் திறன். ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அந்த வண்டிக்கு மாஸ்டா கொடுத்த டயர் 185/60 ஆர்14.

இந்த எண்களைப் பிரித்துப் படிப்போம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது சைடுவாலின் உயரம், அதாவது அகலத்தில் 60 சதவீதம். 185-ல் 60 சதவீதம் 111 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழும் உள்ள சைடுவாலைக் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ.

வீல் மாற்ற நினைக்கும் எவரும் முதலில் குறித்து வைக்க வேண்டியது இந்த மொத்த விட்டத்தைத்தான். ரிம் பெரிதாகும்போது சைடுவால் குறைய வேண்டும், மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்க வேண்டும். மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மியாட்டாவுக்குப் பலரும் யோசிக்கும் அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம்.

- 195/50 ஆர்15: மொத்த விட்டம் 576 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. சைடுவால் 97.5 மி.மீ.
- 205/50 ஆர்15: 586 மி.மீ. சுமார் ஒன்றரை சதவீதம் அதிகம். சைடுவால் 102.5 மி.மீ.
- 205/45 ஆர்16: சுமார் 591 மி.மீ. 2.3 சதவீதம் அதிகம். சைடுவால் 92 மி.மீ.
- 205/40 ஆர்17: சுமார் 596 மி.மீ. 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சைடுவால் வெறும் 82 மி.மீ.

அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்தது கடைசி ரகம்.

மூன்று சதவீதம்தானே, என்ன ஆகிவிடும்?

முதலில் ஸ்பீடோமீட்டர். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி ஓடும் தூரம் கூடும். மீட்டர் 100 காட்டும்போது, பழைய டயரில் ஓடியதைவிட மூன்று கிலோமீட்டர் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பொதுவாக மீட்டர்கள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் அந்த ஜாக்கிரதை இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம்.

இரண்டாவது, இழுவை. பெரிய டயர் என்றால் எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி. 300 குதிரைத் திறன் இருக்கும் வண்டிக்கு இது தெரியாது. 115 இருக்கும் வண்டிக்கு, பச்சை விளக்கு விழுந்து கிளம்பும்போதே தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: எடை. முதல் தலைமுறை மியாட்டாவின் ஏழு ஸ்போக் ஒரிஜினல் அலாய் வீல் ஒன்று ஐந்தரை கிலோ அளவுதான். ஒரு கையால் தூக்கிவிடலாம். மலிவு விலை 17 இன்ச் வார்ப்பு வீல் பல சமயம் இதைப் போல இரண்டு மடங்கு எடை வரும்.

வண்டிக்குள் ஒரு அரிசி மூட்டையை ஏற்றுவதும் வீலில் எடையை ஏற்றுவதும் ஒன்றல்ல. மூட்டையை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். வீல் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த எடையை ஷாக் அப்சார்பர்தான் அடக்கியாக வேண்டும். போதாததற்கு வீல் சுற்றவும் செய்கிறது. எடை அச்சிலிருந்து வெளியே போகப் போக, அதைச் சுற்ற வைக்கவும் கஷ்டம், பிரேக் போட்டு நிறுத்தவும் கஷ்டம். சேறு அப்பிய செருப்போடு ஓடிப் பாருங்கள், புரிந்துவிடும். உடம்பு எடை ஏறவில்லை, ஆனால் கால் எழாது.

மியாட்டாவை உருவாக்கியவர்கள் சொன்ன தத்துவம் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதில் ஏறியவரும் ஒன்றாகிவிடுவது என்று ஜப்பானிய மொழியில் பொருள். கிராம் கிராமாக எடையைக் குறைத்துச் செய்த வண்டி. அதன் நான்கு காலிலும் இரும்புக் குண்டைக் கட்டிவிட்டு, "முன்ன மாதிரி ஓடலையே" என்று கேட்பதில் என்ன நியாயம்?

புது கார்களுக்கெல்லாம் 17, 18 கொடுக்கிறார்களே?

நல்ல கேள்வி. அண்ணனும் இதைத்தான் கேட்டார்.

இன்றைய கார்களில் பிரேக் டிஸ்க் பெரிது, அதற்கு இடம் வேண்டும். பாடி இறுக்கமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங்கும் ஷாக்கும் அந்த 17 இன்ச்சை மனதில் வைத்தே டியூன் செய்யப்பட்டவை. 1989-ல் வந்த வண்டியின் சஸ்பென்ஷன் 111 மி.மீ சைடுவாலை நம்பி வடிவமைக்கப்பட்டது. அந்த ரப்பரும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதிதான். அதைக் குறைத்தால் மேடு பள்ளத்தின் அடி நேராக பாடிக்குப் போகும். கூரை இல்லாத கார் வேறு. ரோடு மோசமாக இருந்தால் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் நடுங்குவது இந்த ரகக் கார்களுக்குப் பழக்கப்பட்ட வியாதி.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். 2015-ல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் எடையைக் குறைப்பதற்காக, ஐந்து நட்டு வீலை விட்டுவிட்டு மீண்டும் நான்கு நட்டுக்கே மாஸ்டா திரும்பியது. இன்னொன்று. முதல் தலைமுறை கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் மாஸ்டாவே தொடங்கியபோது, அந்தக் கால 185/60 ஆர்14 டயரை பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடி தயாரித்துக் கொடுத்தது. அந்த வண்டிக்கு எது சரி என்று செய்தவர்களுக்கே தெரியாதா என்ன?

அப்படியானால் மாற்றவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. ஒரு இன்ச் ஏற்ற நியாயமான காரணம் இருக்கிறது. 14 இன்ச்சில் நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் டயர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. 15 இன்ச்சில் இன்னும் நிறையவே கிடைக்கின்றன. அமெரிக்காவில் நடக்கும் 'ஸ்பெக் மியாட்டா' ரேஸ்களில் ஓடுவது 7 இன்ச் அகலமுள்ள 15 இன்ச் ரிம்மும் 205/50 ஆர்15 டயரும்தான். ஒவ்வொரு நொடியையும் எண்ணிப் பார்க்கும் அந்த ரேஸிலேயே 17-க்கு வேலையில்லை.

அழகு ஒரு காரணமில்லையா என்றால், அதுவும் காரணம்தான். அவரவர் காசு, அவரவர் கார். ஷோவுக்கு நிறுத்தி வைத்து ரசிக்கும் கார் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஓட்டி மகிழத்தான் இந்த காரை வாங்கினேன் என்று சொல்பவருக்கு என் பதில் 15. லேசான 15.

கடைக்குப் போகும் முன்

ரிம்மின் விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

*நட்டுகளின் அமைப்பு:* முதல் தலைமுறை மியாட்டாவுக்கு 4x100. அதாவது, 100 மி.மீ வட்டத்தில் நான்கு நட்டு. இது கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும் என்று எவராவது சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

*நடுத்துளை:* இந்த காருக்கு 54.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களில் துளை பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வீல் சரியாக நடுவில் உட்காராமல், வேகம் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கலாம்.

*ஆஃப்செட்:* ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதன் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. ஒரிஜினல் வீல் ஐந்தரை இன்ச் அகலம், ஆஃப்செட் +45. அதே +45-ல் 7 இன்ச் அகல வீல் போட்டால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தலா 19 மி.மீ நீளும். +35 எடுத்தால் வெளியே 29, உள்ளே 9. வெளியே அதிகம் போனால் ஃபெண்டரில் உரசும், ஸ்டீயரிங் கனக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். உள்ளே அதிகம் போனால் சஸ்பென்ஷனில் இடிக்கும்.

*சுமைக் குறியீடு:* டயரில் 82 என்றிருந்தால் அது ஒன்று 475 கிலோ வரை தாங்கும். அளவு மாறும்போது இந்த எண் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது.

*தர முத்திரை:* ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற ஜப்பானிய சோதனை முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரபல பிராண்டின் டிசைனை அப்படியே காப்பியடித்த மலிவு வீல்கள் சந்தையில் ஏராளம். முத்திரையையும் காப்பியடிக்க முடியும் என்பதால், வாங்கும் இடமும் பில்லும் முக்கியம்.

*இன்சூரன்ஸ்:* மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கம்பெனிக்குத் தெரியவருவதைவிட முன்னாலேயே நாம் சொல்வது நல்லது.

நம்ம ஊரில்?

நம்மூரில் பழைய ஹேட்ச்பேக், செடான் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். என் நண்பன் ஒருவன் பழைய செடானுக்கு 17 இன்ச் போட்டான். மழைக்காலத்தில், தண்ணீர் நிறைந்திருந்த பள்ளம் ஒன்றில் இறங்கியதில் ரிம் வளைந்து, டயர் ஓரத்தில் முட்டை மாதிரி வீங்கிவிட்டது. நல்லவேளை, ஓரம் கட்ட இடமிருந்தது. பைபாஸில் நூறில் போகும்போது நடந்திருந்தால் இதை நான் வேறு தொனியில் எழுத வேண்டியிருந்திருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உங்கள் காரின் வெவ்வேறு வேரியன்ட்டுகளுக்கு கம்பெனியே கொடுத்த அளவுகளுக்குள் நிற்பதுதான் தலைவலி இல்லாத வழி.

முதலில் எதற்குச் செலவு செய்வது?

முப்பது வயதான காரில் ரப்பர் புஷ்கள் காய்ந்திருக்கும். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். அதன்மேல் புது வீல் மாட்டுவது, மூட்டுவலிக்காரருக்கு ஸ்பைக் ஷூ வாங்கிக் கொடுப்பது மாதிரி. என் வரிசை இதுதான்: முதலில் புஷ், ஷாக். அடுத்து நல்ல டயர். பிறகு வீல் அலைன்மென்ட். காசு மீந்தால் ரிம்.

அன்று போனை வைக்கும் முன் அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இப்போ வண்டியில இருக்கிற டயர் எந்த வருஷம்?" அவருக்குத் தெரியவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். போய்ப் பார்க்கச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. பட்டன் தேயவே இல்லை, பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். எண் 1411. அதாவது 2011-ம் ஆண்டின் 14-வது வாரம். அந்த டயரில்தான் அவர் இரண்டு மாதமாக, பக்கத்து சீட்டில் அண்ணியை உட்கார வைத்து ஹைவேயில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் அட்வான்ஸ் கொடுக்கப் போகவில்லை. டயர் கடைக்குப் போனார்.