வரைபடம் யார் கையில்?

2004 டிசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. இந்தியாவின் கிழக்குக் கரையை ஆழிப்பேரலை எட்ட இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்த இடைவெளியில் கரையோர மக்களுக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று அந்த நிலை இல்லை. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. எங்கே, எவ்வளவு வலுவான நிலநடுக்கம் நேர்ந்தால் எந்தக் கரையை எப்போது எவ்வளவு உயர அலை எட்டும் என்பது கணினியில் முன்கூட்டியே கணித்து வைக்கப்பட்டுள்ளது. கரையின் மேடுபள்ளங்களைக் காட்டும் டிஜிட்டல் வரைபடத்தோடு இக்கணிப்பை இணைத்தால் நீர் எதுவரை ஏறும், எந்தக் கட்டிடம் தப்பும், எவ்வழியே வெளியேறலாம் என்பதைத் திட்டமிட முடியும். பொதுத்துறை அறிவியலாளர்களின் இப்பணி பாராட்டுக்குரியது.

ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரியாதவை பல. மேட்டுக்குச் செல்லும் பாதையை மறித்து எழுந்த சுற்றுச்சுவர், புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது, நடக்க இயலாத முதியவர் இருக்கும் வீடு, மீன் உலர்த்தும் பெண்கள் விடியலில் கூடும் இடம் ஆகியவற்றை அவ்வூர் மக்களே சொல்ல முடியும். அவர்கள் சொல்லாமல் வரையப்பட்ட வரைபடம் அலுவலகச் சுவருக்கு அழகு சேர்க்கும். ஆபத்து நேரத்தில் உயிர் காக்காது.

இதற்கு ஒடிசா ஒரு சான்று. 2020இல் அம்மாநிலத்தின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய கிராமங்களை, சுனாமியை எதிர்கொள்ள ஆயத்தமான சமூகங்களாக யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஆபத்துப் பகுதிகளை வரையறுத்தல், அங்கு வாழ்வோரைக் கணக்கிடுதல், எளிதில் புரியும் வெளியேற்ற வரைபடம், ஒத்திகை என 12 அளவுகோல்கள் இதற்கு உண்டு. கிராம மக்களின் பங்கேற்பின்றி இவற்றை நிறைவேற்ற இயலாது. பின்னர் ஒடிசாவின் மேலும் பல கிராமங்கள் இந்த அங்கீகாரம் பெற்றுள்ளன. ஒரு மாநிலத்தில் சாத்தியமானது ஏன் எல்லாக் கடலோர மாநிலங்களிலும் சாத்தியமாகாது?

ஒன்றிய பாஜக அரசின் கொள்கையோ எதிர்த்திசையில் செல்கிறது. அலை, கடல்மட்ட உயர்வு, கரை மாற்றம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இந்திய நில அளவைத் துறை கடலோரம் முழுவதற்கும் அபாயக் கோடு வரைந்தது. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அக்கோட்டைக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து விலக்கி, பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் சுருக்கிவிட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டுமானத்திற்குத் தடை செய்யப்பட்ட பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆபத்து எங்கே என்று அரசு அறியும். ஆயினும் அங்கே கட்டிடம் எழுப்புவோரை அந்த அறிவு தடுக்காது.

கிரேட் நிகோபார் இதன் உச்சம். 2004 நிலநடுக்கத்தில் அத்தீவின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கடலோர ஊர்களை இழந்து மறுவாழ்வுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட நிகோபாரி பழங்குடியினர், தங்கள் பூர்விக ஊர்களுக்குத் திரும்ப இன்றும் கோரி வருகின்றனர். அதே தீவின் கலத்தியா விரிகுடாவில்தான் மாபெரும் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. மக்களுக்குப் பாதுகாப்பற்ற கரை மூலதனத்திற்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானதாகும்?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கடலோர ஆபத்து வரைபடங்கள் அனைத்தும் அந்தந்த மாநில மொழியில் ஊராட்சிகளின் கைக்கு வர வேண்டும். கிராம சபையும் மீனவர் அமைப்புகளும் அவற்றைத் திருத்தி நிறைவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் ஒத்திகை நடத்த நிதி ஒதுக்க வேண்டும். அபாயக் கோட்டுக்குச் சட்ட வலிமை மீண்டும் தர வேண்டும். அதைக் காட்டி மீனவர்களை வெளியேற்றுவதைத் தடுக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் பணியாற்றும் கட்சிக் கிளைகள் தங்கள் ஊரின் வரைபடம் எங்கே என்ற கேள்வியிலிருந்து இந்த இயக்கத்தைத் தொடங்கலாம். அடுத்த அலை எப்போது வரும் என்பதை எவராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. வரும்போது எந்த வழியே ஓடுவது என்பதை இன்றே முடிவு செய்ய முடியும்.