மீன் பொரிக்க இவ்வளவு எண்ணெய் எதற்கு?



இந்த முறை சமையலைப் பற்றி எழுதுகிறேன். அரசியல் எங்கே என்று தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், மீன் விலையோடு அதுவும் வந்து சேரும்.

ஜெயபுரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நாச்சிக்குடாப் பக்கம் கரைக்கு வந்த மீன், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, ஏ-32 வீதியால் வந்து படலையடியில் ஹோர்ன் அடிக்கிறது. விளைமீன், பாரை, சில நாளில் கொடுவா. கொழும்பில் பெரிய ஹோட்டலில் காசைக் கொட்டிச் சாப்பிடுகிறவருக்கு இவ்வளவு புது மீன் கிடைக்குமா? சந்தேகம்தான்.

அந்த மீனை நாம் என்ன செய்கிறோம்? மிளகாய்த்தூளையும் உப்பையும் அள்ளிப் பிரட்டி, தாச்சி நிறைய எண்ணெய் விட்டு, மரக்கட்டை மாதிரி இறுகும்வரை பொரித்து எடுக்கிறோம். சூடைக்கும் கீரிக்கும் அது சரி. முள்ளோடு மொறுமொறுவென்று கடித்துவிடலாம். விளைமீன் அப்படியில்லை. வெள்ளைச் சதை, கொழுப்புக் குறைவு. அடுப்பில் கொஞ்ச நேரம் கூடினாலே காய்ந்து சக்கையாகிவிடும்.

இப்போது பிள்ளைகள் யூடியூப்பில் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். ஒரு துண்டு வெள்ளை மீன், தோல் பக்கம் பொன்னிறமாக வாட்டி, வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்ந்த சோஸில் வைத்துத் தருகிறார்கள். “அம்மா, இப்படிச் செய்து தாங்கோ” என்று போனை நீட்டுகிறார்கள். வெண்ணெய் விற்கிற விலையில் யாரால் முடியும்?

வெண்ணெய் வேண்டாம். நம் வீட்டில் அதைவிட நல்ல சோஸ் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதற்குப் பெயர் சொதி. மீனைச் சொதிக்குள் போட்டு அவிப்பதற்குப் பதிலாக, தனியே வாட்டிச் சொதியின் மேல் வைக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மீன்காரரிடமே சதையை இரண்டு பக்கமும் கழற்றித் தரச் சொல்லுங்கள். பழகியவர் என்றால் முகம் சுளிக்காமல் செய்து தருவார். தலையையும் நடுமுள்ளையும் மட்டும் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல் உள்ளி, ஒரு சிட்டிகை வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் கப்பிப்பாலில் போட்டு, அந்தத் தலையோடும் முள்ளோடும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். பிறகு முள்ளை எடுத்துவிட்டு முதற்பாலை விட்டுக் கிளறுங்கள். ஆவி பறந்து ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான்.

இனி மீன். பலருக்குப் பிழைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துண்டைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். எடுத்தீர்களா? இன்னொரு தரம் ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் தாச்சியின் சூடு முழுக்க அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேலே ஏறாது. மீன் சிவந்து மணப்பதற்கு 140 பாகையாவது வேண்டும். உப்பும் மிளகும் மஞ்சளும் போடும் நேரம் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகுதான். மிளகாய்த்தூள் இதற்கு வேண்டாம், அது மீனுக்கு முன்னமே கருகிக் கசக்கும். உறைப்புக்குச் சொதியில் பச்சை மிளகாய் இருக்கிறதே.

இரும்புத் தாச்சி இருந்தால் நல்லது. நன்றாகக் காயவிட்டு இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். எண்ணெய் நெளிந்து ஓடும்போது தோல் பக்கம் கீழே படும்படி மீனை வையுங்கள். தோல் சுருங்கி வளையப் பார்க்கும். அகப்பையால் கொஞ்ச நேரம் அமர்த்திப் பிடியுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்! கிண்டுவதும் பிரட்டிப் பார்ப்பதும்தான் மீனை உடைக்கிறது. பச்சை மீனின் புரதம் சூடான இரும்பில் ஒட்டத்தான் செய்யும். அடிப்பக்கம் சிவந்து மொறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும். விரல் மொத்தத் துண்டுக்கு மூன்று நான்கு நிமிடம். ஒரே ஒரு தரம் திருப்பி, இன்னும் ஒன்று இரண்டு நிமிடம். தடித்த இடத்தில் கரண்டி நுனியால் தொட்டால் சதை ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். உள்ளே கண்ணாடி போலத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

தட்டில் முதலில் சொதி, அதன்மேல் தோல் மேலே பார்க்க மீன். இடியப்பத்தோடும் சரி, பாணோடும் சரி.

காசுக் கணக்கையும் பார்ப்போம். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது நினைவிருக்கிறதா? படகு ஓடுவது அதில்தானே, மீன் விலை ஏறாமல் என்ன செய்யும். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டது. தேங்காய் விலை ஏறினால் தேங்காயெண்ணெய் சும்மா இருக்குமா? பொரியலுக்கு விட்ட எண்ணெயை வடித்து வைத்து, மறுநாளும் அதிலேயே பொரிக்கும் வீடுகள் எத்தனை? குறை சொல்லவில்லை, கொட்ட மனம் வராதுதான். ஆனால் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் உடம்புக்குக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு கரண்டியோடு வேலை முடிந்தால் மிச்சம் வைக்க எண்ணெயே இராது. சொதிக்குப் பாதித் தேங்காய் காணும். மீன் துண்டு சின்னதாய் இருந்தாலும் சொதி அதை ஈடுகட்டும்.

கடலின் கணக்கு வேறு. நம் கடலுக்குள் வந்து வலைகளை அறுக்கும் தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களில் நம் கடற்றொழிலாளர்கள் வலை அறுபடும் பயம் குறைந்து கடலுக்குப் போகிறார்கள். அந்தப் படகுகள் செய்யும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அறுந்த வலை கரையில் கிடக்கிறது. விலை கூடிவிட்டது என்று மீன்காரரோடு மல்லுக்கட்டும் முன் இதையும் ஒருக்கால் நினையுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்காரர்களுக்கு. வாட்டிய மீன் ஆறினால் பாதி ருசி போய்விடும். அம்மா அடுப்படியில் நின்று ஒவ்வொருவருக்காய்ப் பரிமாறி, கடைசியில் தாச்சியில் ஒட்டிய துணுக்கோடு தன் சாப்பாட்டை முடிக்கும் வழக்கம் இதற்குச் சரிவராது. சொதியையும் இடியப்பத்தையும் முன்னமே மேசைக்குக் கொண்டுபோய்விட்டு, மீனை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாட்டுங்கள். ஐந்தாறு நிமிட வேலைதான். அப்பாவோ மூத்த பிள்ளையோ அகப்பையைப் பிடித்தாலும் குடி முழுகிவிடாது.

மாரி தொடங்கிக் கடல் குழம்பினால் ஹோர்ன் சத்தம் குறைந்துவிடும். அப்போது குளத்து மீன்தான் கை கொடுக்கும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட திலாப்பியா இன்று நம் குளங்களுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டது. அதுவும் வெள்ளைச் சதைதான், இதே முறையில் வாட்டலாம். சேற்று மணம்தான் தொல்லை. உப்பும் தேசிக்காயும் பிரட்டிக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் குறைகிறது. குளத்தோரம் இருக்கும் வாசகர்கள் இதைவிட நல்ல வழி வைத்திருப்பீர்கள். மாரிக்கு முன் எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே இடம் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்