பரணும் ஒரு பாட்டில் தண்ணீரும்



சென்ற ஆண்டு தீபாவளி மலர் வேலை ஆரம்பித்த நேரம். பழைய மலர்க் கட்டு ஒன்றை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறி, பரணுக்குக் கையை நீட்டினேன். வலது தோளில் சுரீர் என்றது. கட்டு கீழே விழுந்து தூசி கிளம்பியதுதான் மிச்சம். அன்று தொடங்கி, சட்டை போடுவதே தனி வேலையாகிவிட்டது. வலக்கையை முதலில் நுழைத்து, பிறகு உடம்பை வளைத்து இடக்கையைத் தேட வேண்டும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். வீட்டில் வாய்வுப் பிடிப்பு என்று பூண்டு வறுத்துக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் ஆளுக்கொரு தைலம். நானோ கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குழந்தையைப் போல ஆறு வாரம் பேணிக் காத்தேன். வலி போகவில்லை, கைதான் இன்னும் பலவீனமானது.

பிறகு ஸ்கேன். அறிக்கையில் 'தசைநாணில் பகுதிக் கிழிசல்' என்று இருந்தது. 'கிழிசல்' என்ற சொல்லைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. வேட்டி கிழிந்தால் தைக்காமல் ஒட்டுமா? ஆபரேஷன்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு போனால், பிசியோதெரபி அறையில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "சார், உங்க வயசுல வலியே இல்லாதவங்களைப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இது இருக்கும். நரைச்ச முடிக்கு வைத்தியம் பாக்குறீங்களா?"

தோள் மூட்டு, அகல் விளக்கின் மேல் ஆரஞ்சுப் பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. உருண்டை பெரிது, குழி சிறிது. பழம் உருண்டுவிடாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை எலும்பில் போய் ஒட்டும் கயிறுகள்தான் தசைநாண்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது வலிப்பதற்கு, மேலே கூரை போல இருக்கும் எலும்பு இந்தக் கயிற்றை உரசுவதே காரணம் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதினார். கூரை எலும்பைக் கொஞ்சம் செதுக்கிவிடும் அறுவைச் சிகிச்சை அதன்பின் உலகெங்கும் பரவியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 313 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவுக்குத் துளை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். மூன்றாம் பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை. செதுக்கிக்கொண்டவர்களுக்கும் சும்மா துளை போட்டுக்கொண்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2018இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2012இல் ஸ்வீடனில் வந்த ஆய்வு. அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சுமார் நூறு பேர். எல்லோருக்கும் முதலில் ஒரு ஊசி. பிறகு ஒரு பாதிப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி: தோளையும் தோள்பட்டை எலும்பையும் குறிவைத்து, படிப்படியாகப் பளுவைக் கூட்டி, 12 வாரம். மற்றப் பாதிக்குப் பளு இல்லாமல் கழுத்தையும் தோளையும் அசைக்கும் பொதுப் பயிற்சி. இரண்டுமே 'எக்சர்சைஸ்'தான். 12 வாரம் முடிந்ததும் "இன்னும் ஆபரேஷன் வேண்டுமா?" என்று கேட்டார்கள். பொதுப் பயிற்சிக்காரர்களில் 63 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். எடை தூக்கியவர்களில் 20 சதவீதம்தான். வலிக்கிற கைக்குப் பளுவா என்று நாம் பயப்படுகிறோமே, அந்தப் பளுதான் அங்கே மருந்தாக இருந்திருக்கிறது.

என் பளு ஒரு தண்ணீர் பாட்டில். அதற்கும் முன்னால் சுவர். சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளியபடி பத்து எண்ண வேண்டும். சுவர் நகராது, நாமும் நகர மாட்டோம்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்ன கூத்து இது என்றிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். அதன்பின்தான் அரை லிட்டர் பாட்டில், முதலில் கால்வாசித் தண்ணீரோடு. வாரத்துக்கு இரண்டு விரற்கடை ஏற்றினேன். செய்யும்போது வலித்தது, மறைக்க மாட்டேன். "பத்துக்கு அஞ்சுக்குள்ள இருந்தா பரவாயில்ல சார், மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்திரணும். வரலேன்னா தண்ணியக் கொறைங்க" என்றார் அந்தப் பெண். இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கட்டணம் தகும். ஐந்தாவது வாரத்தில் ஒன்றும் பலிக்கவில்லை என்று நான்கு நாள் விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் பிசியோதெரபிக்குப் போக நேரமும் பணமும் இல்லையே என்று எழுதும் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரிட்டனிலேயே 708 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஆறு முறை வரை வந்து பயின்றவர்களும், ஒரே ஒரு முறை நிபுணரிடம் நன்றாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எட்டாவது வாரத்தில் சற்றுக் கூடுதல் சுகம்; ஓராண்டுக் கணக்கில் அதுவும் இல்லை.

எல்லாத் தோள் வலியும் இந்த வலி இல்லை. கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமல் போனால் பாட்டிலைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். காய்ச்சலோ, காரணமில்லாமல் எடை குறைவதோ சேர்ந்திருந்தாலும் அப்படியே. தோளோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் கை திரும்பாமல் இறுகியிருந்தால் அது 'ஃப்ரோஸன் ஷோல்டர்' ஆக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அது வர வாய்ப்பு அதிகம். அதன் வழி வேறு.

ஒரு வேண்டுகோள். பயிற்சிப் படங்கள் அச்சிட்ட காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே, சொல்லிக்கொடுத்தவர் எதிரில் ஒரு முறை செய்து காட்டிவிட்டு, சரியா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்