இரண்டாகப் பிரிந்த நூலகம்

2025-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் இரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் தத்தம் 600-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடின. இரண்டிற்கும் ஒரே பிறந்த ஆண்டா என நாம் வியக்கலாம். 1425-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் இசைவோடு லூவேன் நகரில் தோன்றிய ஒரே கழகந்தான் இன்று இரண்டாய் நிற்கிறது.

1797-இல் பிரெஞ்சு ஆட்சியினர் அதனை மூடினர். 1834-இல் ஆயர்கள் மீண்டும் தொடங்கினர். அது புதுக் கழகமே என வாதிடுவோரும் உளர். 1914 ஆகஸ்டில் செர்மானியப் படையினர் அதன் நூலகத்திற்குத் தீயிட்டனர். இரண்டு லட்சத்திற்கும் மிகுதியான நூல்கள் சாம்பலாயின. அமெரிக்கரின் நன்கொடையால் 1928-இல் எழுந்த புது நூலகமும் 1940-இல் போரில் எரிந்தது. சளைக்காமல் அதனையும் மீட்டனர்.

தீ செய்யாததை மொழிப்பகை செய்தது. பிரெஞ்சு மொழிப் பிரிவு லூவேனைவிட்டு வெளியேற வேண்டுமென டச்சு மொழி பேசும் ஃபிளமிய மாணவர் கோரினர். கழகம் பிரியாது என 1966-இல் ஆயர்கள் அறிவித்தது கிளர்ச்சியைப் பெருக்கவே செய்தது. 1968-இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவினர் வயல்வெளியில் லூவேன்-லா-நோவ் என்னும் புது நகரையே எழுப்பிக் குடியேறினர்.

நூல்களை எவ்வாறு பங்கிடுவது? அடுக்கு எண் ஒற்றைப்படையாயின் ஒரு தரப்பிற்கு, இரட்டைப்படையாயின் மறு தரப்பிற்கு! சாலமோன் மன்னர் கொண்டுவரச் சொன்ன வாள் நம் நினைவிற்கு வருகிறது. அவர் அதனை வீசவில்லை, இவர்கள் வீசிவிட்டனர். ஒரு நூலைப் படித்து முடித்த பேராசிரியர், அதன் பக்கத்திலேயே இருந்த அடுத்த எண் நூலைத் தேடி வேறு ஊருக்குப் பயணப்பட வேண்டியதாயிற்று.