திடலும் திரும்பும் வழியும்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமாகிய களுத்துறைக் கட்டுக்குருந்தை, பிற்காலத்தில் கார்ப் பந்தயத் திடலுமாயிற்று. அத்தகைய திடலில் வீட்டுக் காரையே ஓட்டிப் பார்க்க விழையும் வன்னி இளைஞருக்கு நாம் கூறுவது ஒன்றே: திரும்பும் வழியை எண்ணி ரயரைத் தேர்ந்தெடுங்கள்.

ரயர் ஒவ்வொன்றும் நிலத்தைத் தொடுமிடம் ஏறத்தாழ உள்ளங்கையளவே. பள்ளம் குறைந்த மென்மையான ரயர் உலர்ந்த தரையை இறுகப் பற்றும். கார்த்திகை மழையில் ஏ-9 வீதியில் தேங்கும் நீரையோ ஒதுக்கமாட்டாது வழுக்கும். ஆதலின் ஆழ்ந்த பள்ளமுடைய நல்ல வீதி ரயரே ஏற்றது.

வாங்குமுன் அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2324 எனில், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பல்லாண்டுப் பழையது, பளபளத்தாலும் வேண்டா.

திடலில் ரயர் சூடேறக் காற்றழுத்தம் உயரும். அங்கே குறைத்த காற்றை, ஆறியபின் நிரப்பாது வீதிக்கு வருதல் தகாது. வேகம் ஒருநாள் விளையாட்டு; வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்போரை மறவாதீர்கள்.