ஃபார்மேட் போடுறது ரிப்பேர் இல்லைங்க



கிணத்து மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா மெக்கானிக் என்ன செய்வார்? மூணு பேஸும் வருதான்னு பார்ப்பார். அப்புறம் ஃபியூஸ், ஸ்டார்ட்டர். எல்லாம் சரின்னா கடைசியா ஃபுட்வால்வைத் தூக்கிப் பார்ப்பார். வந்ததும் வராததுமா "கிணத்த மூடிட்டு வேற வெட்டுங்க"ன்னு சொன்னா அந்த ஆளை ஊருக்குள்ள விடுவோமா? ஆனா கம்ப்யூட்டர்ல மெயில் புரோகிராம் மாட்டிக்கிச்சுன்னு டவுன் கடைக்குத் தூக்கிட்டுப் போனா அதைத்தான் சொல்றாங்க. "ஃபார்மேட் போட்டாத்தான்ணே சரியாகும்." நாமளும் தலையை ஆட்டிட்டு, காசையும் கொடுத்துட்டு வர்றோம். இந்த வழக்கம் ஒழியணும்னுதான் இதை எழுதுறேன்.

எங்க கண்மாய்ப் பாசன சங்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. மடை ரிப்பேர், வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு, கருவேலம் வெட்டுறதுன்னு அதிகாரிகளுக்கு எழுதினது, அவங்க பதில் போட்டது எல்லாம் அதுலதான் கிடக்கு. "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு ஒருத்தர் சொன்னா, தேதியோட எடுத்துக் காட்ட எங்ககிட்ட வேற சாட்சி கிடையாது. போன வருசம் அனுப்பின மெயில் ஒண்ணு அவுட்பாக்ஸ்லயே நின்னுபோச்சு. புரோகிராமைத் திறந்தா வெள்ளையா உறைஞ்சு நிக்குது. கடையில சொன்னது அதே ஃபார்மேட்தான். உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம். ஏன்னா, பழைய முறைப்படி பாப்-ன்னு அமைச்ச கணக்குல, மெயில் நம்ம கம்ப்யூட்டருக்கு இறங்கினதும் சர்வர்ல இருந்து அழிஞ்சுடலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காலத்துல அதுதான் வழக்கம். அப்ப உலகத்துலயே ஒரே பிரதி நம்ம கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கும். ஐமேப் முறையில சர்வர்லயும் பிரதி இருக்கும். எந்த முறைன்னு கேக்காம ஃபார்மேட் போடுறது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதைதான். இங்க வீட்டுக்குள்ள பத்திரமும் இருக்கு.

இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. மோட்டார் மாதிரியே வரிசையாப் பார்க்கணும்.

முதல்ல நெட் வருதான்னு பாருங்க. அப்புறம், எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் மெயில் கோப்பை ஒரு பென்டிரைவுல நகல் எடுங்க. அவுட்லுக்னா பி.எஸ்.டி. கோப்பு, தண்டர்பேர்டுனா அதோட புரொஃபைல் போல்டர். நகல் எடுக்கும்போது புரோகிராம் மூடி இருக்கணும். மூடினாலும் சில நேரம் பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். டாஸ்க் மேனேஜர்ல போய் நிறுத்துங்க.

அடுத்து அவுட்பாக்ஸ். எங்க ஊர்ல பாதி நேரம் வினை இங்கதான். செல்லுல எடுத்த மடைப் படம் ஒண்ணே நாலஞ்சு எம்.பி. வரும். அதுல ஆறேழைச் சேர்த்து ஒரே மெயில்ல வச்சா எப்படிப் போகும்? ஜிமெயில் எல்லை 25 எம்.பி. இணைப்பு மெயில்ல ஏறும்போது மூணுல ஒரு பங்கு பெருத்துடும். அதனால 18 எம்.பி.க்கு மேல வைக்காம இருக்கிறதே நல்லது. மாட்டிக்கிட்டா ஆஃப்லைனுக்கு மாத்திட்டு, அந்த மெயிலை அவுட்பாக்ஸ்ல இருந்து எடுங்க. படத்தைச் சுருக்கி மறுபடி அனுப்புங்க.

புரோகிராமே திறக்கலைன்னா, கூடச் சேர்த்த ஆட்-ஆன் எதுவும் இல்லாமத் திறந்து பாருங்க. அவுட்லுக்ல அதுக்குப் பேரு சேஃப் மோட். தண்டர்பேர்டுல ஷிப்ட் கீயை அழுத்திக்கிட்டே திறக்கணும். அப்ப நல்லா ஓடுச்சுன்னா குத்தம் ஆட்-ஆன் மேல.

பிறகு கோப்போட அளவு. அவுட்லுக் 2002 வரைக்கும் பி.எஸ்.டி. கோப்பு 2 ஜி.பி.தான் தாங்கும். நெருங்கினாலே திணற ஆரம்பிக்கும். அதைச் சரிபார்க்க ஸ்கேன்பி.எஸ்.டி.ன்னு ஒரு கருவி அவுட்லுக் கூடவே வருது, தனியா காசு கிடையாது. தண்டர்பேர்டுல அழிச்ச மெயிலும் கோப்புக்குள்ளயே இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். காம்பாக்ட் கொடுத்தாத்தான் அது வெளியேறும்.

கடைசியா பாஸ்வேர்டு. 2022 மே 30-லிருந்து தனி ஆள் ஜிமெயில் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை வச்சு உள்ள வர்ற பழைய புரோகிராம்களை கூகுள் நிறுத்திடுச்சு. நேத்து வரைக்கும் ஓடினது அன்னைக்குப் படுத்துக்கிச்சு. கணக்கு அமைப்புல ஓ-ஆத்-2ன்னு மாத்தினா போதும். இதுக்கும் ஃபார்மேட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஃபார்மேட் போட்ட பிறகும் அதே பாஸ்வேர்டு தகராறு அங்கேயே நிக்குமே!

எங்க சங்கத்து மெயிலை மீட்டது டிப்ளமோ படிக்கிற எங்க ஊர்ப் பொண்ணு. நான் மேல சொன்ன இதே வரிசைதான். ஒரு கடிதம் கூடப் போகலை.

"போன்லயே ஜிமெயில் இருக்கே, இந்த டப்பா எதுக்கு பெரியப்பா?"ன்னு இளவட்டங்க கேக்குறாங்க. போன் தனி ஆளோடது. தலைவர் மாறினா போனும் அவர் கூடவே போயிரும். சங்கத்துக் கடிதம் சங்கத்துலதான் இருக்கணும். நெட் இல்லாத அன்னைக்கும் திறந்து படிக்கணும்.

கடைக்காரங்க தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு. ஃபார்மேட் போட்டா வேலை எப்ப முடியும்னு தெரியும், குத்தத்தைத் தேடுறதுல எம்புட்டு நேரம் போகும்னு தெரியாது. சரிங்க, அந்த நேரத்துக்குக் கூலி கேளுங்க, தர்றோம். தேடாம அழிச்சுட்டு "சரி பண்ணிட்டேன்"னு சொல்லாதீங்க.

இதுல நம்ம பக்கத்துக்குன்னு ஒரு பழைய பாடம் உண்டு. 2001-ல மேலூர் தாலுகாவுலதான் சாரி திட்டம் வந்துச்சு. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவோட எம்.ஐ.டி., ஹார்வர்டு எல்லாம் சேர்ந்த திட்டம். கார்டெக்ட் ரேடியோ வழியா கிராமத்து இன்டர்நெட் மையங்களுக்கு இணைப்பு கொடுத்தாங்க. நோய் வந்த வெண்டைச் செடியைப் படம் எடுத்து வேளாண் கல்லூரிக்கும், கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் மெயில்ல அனுப்பி பதில் வாங்கினாங்க. ஊர்ல பெரும்பாலானவங்க கையில செல்போன் இல்லாத காலம் அது! அந்த மையங்கள்ல பெரும்பாலானது சில வருசத்துலயே மூடிப்போச்சு. வருமானம் பத்தலைங்கிறது முதல் காரணம். ஆனா ஆய்வு செஞ்சவங்க இன்னொண்ணும் சொன்னாங்க: கம்ப்யூட்டர் பயிற்சி இருந்தவங்க நடத்தின மையம் கூடுதல் நாள் தாங்குச்சு, தொழில்நுட்ப உதவி கிடைக்கிறதும் கிடைக்காததும் ஆயுசைக் கூட்டிக் குறைச்சுச்சு.

டவர் நட்டுட்டா போதாது, கம்ப்யூட்டர் கொடுத்துட்டா போதாது. பழுது பார்க்கிற அறிவு ஊருக்குள்ள இருக்கணும். இன்னைக்குப் பல மனுக்களை ஆன்லைன்ல கொடுக்கச் சொல்ற அரசாங்கம், அதுக்கு ஒரு நாள் பயிற்சியாவது ஊராட்சிதோறும் கொடுக்கட்டும். அதுவரைக்கும் நாம ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை யாராவது ஃபார்மேட்னு சொன்னா, ரெண்டே கேள்வி கேளுங்க: "என் மெயில் எங்க இருக்கு? நகல் எடுத்தீங்களா?" பதில் வரலைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வாங்க.